கருமருந்து விட்டுப் போகும் உப்பு: நாட்டுத் துப்பாக்கியைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர், சேத்துமடைப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் இரும்பெல்லாம் வேர்க்க ஆரம்பித்துவிடும். நேற்றுத் தீட்டி வைத்த அரிவாளில் இன்று பழுப்புப் புள்ளி தெரியும். கலப்பைக் கொழுவைத் தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும். அரிவாளையும் கொழுவையும் தினமும் கையில் எடுப்பதால் துரு கண்ணில் பட்டுவிடுகிறது. சுவர் ஆணியிலோ, பீரோவுக்குப் பின்னாலோ கிடக்கும் நாட்டுத் துப்பாக்கியில் துரு பிடித்தால் வெளியே தெரியாது. அது குழலுக்குள்ளே, அடிப்பகுதியில் உட்கார்ந்து அரித்துக்கொண்டிருக்கும்.

மலையடிவாரக் கிராமங்களில் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற துப்பாக்கிகள் பல குடும்பங்களில் இரண்டு, மூன்று தலைமுறையாக இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக் குழல் துப்பாக்கிகள். வாய்வழியாகக் கருமருந்தைப் போட்டு, அடைப்பு வைத்துக் கம்பியால் இடித்து இறக்கி, பின்னால் கேப் பொருத்திச் சுடும் வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புத் தேவைக்கு உரிமம் தரத்தக்கது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் இந்த வகைத் துப்பாக்கியைத்தான்.

இவற்றைச் சுத்தம் செய்வதில் வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார். இன்னொருவர் டிராக்டரில் இருந்து வடித்த பழைய ஆயிலைத் தடவுகிறார். சிலர் தேங்காய் எண்ணெய் விட்டு அப்படியே மாட்டிவிடுகிறார்கள். இந்த மூன்று வழியிலும் துரு நிற்பதில்லை. காரணம் எளியது. குழலுக்குள் ஒட்டியிருப்பது எண்ணெய்ப் பிசுக்கு அல்ல, உப்பு. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும்.

குழலுக்குள் இருப்பது என்ன?

கருமருந்து எரியும்போது முழுவதும் புகையாகப் போய்விடுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நோபிள், ஏபெல் என்ற இருவர் செய்த புகழ்பெற்ற ஆய்விலேயே, எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது என்று தெரிந்துவிட்டது. வெள்ளைப் புகையாகக் கண்ணுக்குத் தெரிவதும், குழலில் கறுப்பாகப் படிவதும் இந்தத் திடப்பொருள்தான்.

அதில் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு ஆகிய உப்புகள். கொஞ்சம் எரியாத கரியும் கந்தகமும் இருக்கும். பொட்டாசியம் சல்பேட் விவசாயிகளுக்குப் புதியதல்ல. சொட்டுநீரில் கரைத்து விடும் 0-0-50 உரம் அதுதான். பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக் கசியும் உப்பு. சல்பைடுதான் கழுவும்போது அழுகிய முட்டை நாற்றம் தருவது. பழைய வகை கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது மூரியேட் ஆஃப் பொட்டாஷ்.

உர மூட்டையை இரும்புக் கட்டிலில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் கட்டில் கால் என்ன ஆகும் என்பது எல்லோரும் பார்த்ததுதான். உரம் தெளித்த கைத்தெளிப்பானைக் கழுவாமல் வைத்தால் அதன் இரும்பு பாகங்கள் இற்றுப்போவதும் தெரியும். சுட்டபின் கழுவாத துப்பாக்கியும் அதே நிலையில்தான் இருக்கிறது. ஒரே வித்தியாசம், அந்த இரும்புக்குள்தான் அடுத்த முறை நெருப்பும் அழுத்தமும் உண்டாகப் போகின்றன. அடிப்பகுதியில் அரிப்புக் குழி விழுந்த குழல், சுடுபவரின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது.

காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் துரு பிடிக்க ஒரு வாரம் தேவையில்லை. ஓர் இரவு போதும். எனவே சுட்ட அன்றே கழுவ வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான் குழலைக் கெடுக்கும் முதல் தவறு.

எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது?

*தண்ணீர்:* இளஞ்சூடான, உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் முதல் தேர்வு. பொள்ளாச்சி வட்டாரத்துப் போர்த் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம். குடிக்கும் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில துளிகள் சேர்த்தால் கரிப்பிசுக்கும் பழைய எண்ணெயும் சேர்ந்து வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றத் தேவையில்லை. மிகவும் சூடான தண்ணீர் பட்ட இரும்பில், அது காயும் வேகத்திலேயே மெல்லிய செந்துரு படர்ந்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும்.

*மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர்:* இவை எண்ணெயையும் பெயின்டையும் கரைக்கும், உப்பைக் கரைக்காது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்த துணி கறுப்பாக வருவதால் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். கரி மட்டும் வந்திருக்கும். உப்பு அங்கேயே இருக்கும். அதன்மேல் மண்ணெண்ணெய்ப் படலம் மூடிக்கொள்ளும். மருந்து வைத்திருக்கும் வீட்டில் பெட்ரோலைத் திறந்து வைத்து வேலை செய்வது தீ விபத்துக்கு வழி என்பது தனிக் கதை.

*துப்பாக்கிக் கடைத் திரவங்கள்:* தோட்டாத் துப்பாக்கிகளுக்கென விற்கும் பல திரவங்கள் புகையில்லா மருந்தின் கசடையும், குழலில் ஒட்டும் செம்பையும் நீக்கச் செய்யப்பட்டவை. கருமருந்துக்கென்று லேபிளில் தெளிவாகப் போட்டிருந்தால் தவிர, அவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

*புளி, எலுமிச்சை, சீயக்காய்:* பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழக்கமான இவை எல்லாமே புளிப்புத் தன்மை உள்ளவை. குழலுக்குள் விட்டால் இரும்பை அரிக்கும். சாம்பல், செங்கல் பொடி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் தவறு. குழல் ஏற்கெனவே மெலிந்திருந்தால் அது மேலும் மெலியும்.

*டபிள்யூ.டி.-40 போன்ற ஸ்பிரே:* கழுவியபின் மூலைகளில் நிற்கும் ஈரத்தை விலக்க இது உதவும். நாள் கணக்கில் துருவைத் தடுக்க இதை மட்டும் நம்பக் கூடாது. இதைத் துடைத்துவிட்டுத் தனியாக எண்ணெய் பூச வேண்டும்.

கழுவும் முன்: உள்ளே மருந்து இருக்கிறதா?

தோட்டாத் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தால் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாய்வழித் துப்பாக்கியில் அப்படித் தெரியாது. இரவு காவலுக்குக் கெட்டித்து வைத்து, சுடாமலே மாட்டிய துப்பாக்கி, மாதக் கணக்கில் மருந்தோடு தொங்கும். கெட்டித்தவர் மறந்திருப்பார், அல்லது அவர் இப்போது உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். 'பழைய துப்பாக்கிதானே' என்று அடுத்த தலைமுறை கையில் எடுக்கும். சுத்தம் செய்யும்போது வெடித்தது என்ற செய்திகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த மறதிதான்.

எனவே எந்த வேலைக்கும் முன் இந்தச் சோதனை கட்டாயம்:

1. குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, குழல் வாயை ஆளோ, மாடோ, வீடோ இல்லாத பக்கம் திருப்பவும். நிப்பிளில் கேப் இருந்தால் முதலில் எடுத்துவிடவும்.

2. இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெதுவாக அடி வரை இறக்கவும். முகமும் உடம்பும் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. வாய் விளிம்பு வரும் இடத்தில் கம்பியில் சாக்பீஸால் கோடு போடவும்.

3. கம்பியை வெளியே எடுத்து, கோடு குழல் வாய்க்கு நேராக வரும்படி குழலின் வெளிப்புறத்தில் ஒட்டி வைத்துப் பார்க்கவும். கம்பி நுனி நிப்பிள் இருக்கும் இடத்தை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்தோ அடைப்போ இருக்கிறது.

4. மருந்து இருப்பதாகத் தெரிந்தால் நெருப்பு, சூடு, திருகாணி எதையும் பயன்படுத்தி எடுக்க முயல வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் மருந்து செத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். நனைந்த கருமருந்து காய்ந்தபின் மறுபடி பற்றிக்கொள்ளும். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் முதலில் விஷயத்தைச் சொல்லி, அவர் சொல்லும்படி அவர் கையாலேயே எடுக்க வைக்க வேண்டும்.

குழல் வாயில் வாய் வைத்து ஊதிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

கழுவும் முறை

குழல் காலி என்று உறுதியான பிறகு, அரை மணி நேர வேலைதான்.

பழைய பருத்தி வேட்டியை இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டி வைத்துக்கொள்ளவும். பாலியெஸ்டர் துணி தண்ணீரை உறிஞ்சாது, உதவாது. நிப்பிளைக் கழற்ற முடிந்தால் அதற்குரிய சாவியால் கழற்றி, சோப்புத் தண்ணீரில் போட்டு வைக்கவும். சுத்தியலும் கொறடும் வைத்துத் திருகினால் மரை கெட்டுவிடும். மரை கெட்ட நிப்பிள், சுடும்போது பின்னால் பறந்து வரக்கூடியது.

குழலைக் கட்டையிலிருந்து கழற்ற முடிந்தால், அதன் அடிப்பகுதியை இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளியில் நிறுத்தவும். கம்பி நுனியில் ஈரத் துணியைச் சுற்றி, அடிபம்பு அடிப்பது போல மேலும் கீழும் இழுத்தால், நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும். தண்ணீர் கறுத்ததும் மாற்றவும். குழலைக் கழற்ற முடியாத துப்பாக்கி என்றால், வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சாய்த்து வடித்துவிட வேண்டும். மரக்கட்டையைச் சுற்றிப் பழந்துணி கட்டினால் மரம் நனையாது.

சோப்புத் தண்ணீர் தெளிந்த பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசவும். ஈரத் துணி வெள்ளையாக வந்து, முட்டை நாற்றம் நின்றால் உப்பு போய்விட்டது என்று அர்த்தம். பிறகு காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக விட்டுத் துடைக்கவும். துணி ஈரமில்லாமல் வரும்வரை நிறுத்தக் கூடாது. ஈரம் தங்குவது அடியில்தான். அரிப்பும் அங்கேதான் தொடங்கும். வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு மணி நேரம் காற்றில் வைக்கலாம். குதிரை, விசை, நிப்பிள் சுற்று ஆகிய இடங்களில் தெறித்த கரியையும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும்.

கடைசியாக, எண்ணெயில் நனைத்துப் பிழிந்த ஒரு துணியை உள்ளே விட்டு எடுக்கவும். எண்ணெய் வழியக் கூடாது. மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பார்க்க வேண்டும். பழுப்பாக வந்தால் உப்பு மிச்சம் இருக்கிறது. மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். இந்த மறுநாள் பார்வையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எந்த எண்ணெய் எதற்கு?

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மாதக் கணக்கில் சும்மா இருக்கும் இரும்பைக் காப்பது. மற்றொன்று, குண்டைச் சுற்றும் துணியிலோ மருந்துக்கு மேல் வைக்கும் அடைப்பிலோ தடவுவது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய் சரிவராது.

துணியிலோ அடைப்பிலோ மசகு தடவுவது வழுக்கி இறங்குவதற்காக மட்டுமல்ல. முன்பு சுட்டதில் படிந்த கசடை இளக்கமாக வைப்பதே அதன் முக்கிய வேலை. கசடு இறுகினால் அடுத்த குண்டு பாதி வழியில் நின்றுவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழுந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

இந்த வேலைக்குத் தாவர எண்ணெயும், கொழுப்பும், தேன்மெழுகும்தான் ஏற்றவை. கிரீஸ், என்ஜின் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய்கள் கருமருந்தின் கசடோடு சூட்டில் சேர்ந்து தார் போல இறுகிவிடும். அதன்பின் தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது.

*தேங்காய் எண்ணெய்:* ஆனைமலைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் பொருள். அடைப்புத் துணிக்கு நல்லது. ஆனால் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கட்டியாக இருக்கும். மாதக் கணக்கில் விட்டால் காறல் எடுத்து, அதில் உண்டாகும் அமிலம் பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு ஏற்றும். எனவே நீண்ட நாள் பூச்சுக்கு வேண்டாம்.

*விளக்கெண்ணெய்:* கெட்டியானது, உலர்ந்து பிசினாகாதது, இரும்பில் நன்றாக ஒட்டி நிற்பது. ஒரு காலத்தில் விமான என்ஜின்களுக்கே மசகாக இருந்தது. வீட்டில் கிடைக்கும் எண்ணெய்களில் இந்தத் துப்பாக்கிக்கு மிகவும் பொருத்தமானது இதுதான்.

*நெய்:* உப்பு சேராத நெய் அடைப்புக்கு உதவும். உப்பு சேர்த்த கடை வெண்ணெய் கூடாது.

*சூரியகாந்தி எண்ணெய், ஆளிவிதை எண்ணெய்:* காற்றுப் பட்டால் உலர்ந்து பிசினாகும் இனம். குழலுக்குள் ஆகாது. ஆளிவிதை எண்ணெய் மரக்கட்டைக்கு மட்டும் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

*தேன்மெழுகு:* தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அடையிலிருந்து கிடைப்பது. ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ சேர்த்தால் களிம்பு பதத்தில் வரும். சித்திரை வெயிலுக்கு மெழுகைக் கூட்டலாம், மார்கழிக் குளிருக்குக் குறைக்கலாம். தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரியில் உருகும். அடுப்பில் நேரடியாக வைக்காமல், கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். மருந்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

மசகு அளவோடு இருக்க வேண்டும். எண்ணெய் வழிந்தால் மருந்து நனைந்து, கேப் அடித்தும் பற்றாமல், சில நொடி கழித்து வெடிக்கும். அடித்தும் வெடிக்காத துப்பாக்கியை, வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். எட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

நீண்ட நாள் பாதுகாப்புப் பூச்சுக்கு விளக்கெண்ணெயோ, கடையில் விற்கும் துருத்தடுப்பு எண்ணெயோ மெல்லிதாகப் பூசலாம். பெட்ரோலிய எண்ணெய் இந்த வேலைக்குப் பரவாயில்லை. ஆனால் அடுத்த முறை பயன்படுத்தும் முன் முழுவதும் துடைத்து எடுக்க வேண்டும். டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் இருக்கும். அதை எந்த வேலைக்கும் தொட வேண்டாம்.

மசகு ஒரு நாட்டையே உலுக்கிய கதை

துணிக்கும் காகிதத்துக்கும் என்ன கொழுப்புத் தடவுவது என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 1857-இல் வட இந்தியச் சிப்பாய்கள் கொதித்தெழ உடனடிக் காரணமானது இந்தக் கேள்விதான். அப்போது புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழி கெட்டிக்கும் வகையே. அதன் காகிதத் தோட்டாவில், குழலுக்குள் எளிதாக இறங்குவதற்காகக் கொழுப்புத் தடவப்பட்டிருந்தது. அது பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற செய்தி பரவியது. தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்ததால் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர மறுத்தனர். 1857 ஜனவரி இறுதியில், கொழுப்பில்லாத தோட்டாக்களைக் கொடுத்து, சிப்பாய்களே விருப்பமான மசகைத் தடவிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது. எண்ணெயும் தேன்மெழுகும் அந்த வேலையைச் செய்திருக்கும் என்பதுதான் இதிலுள்ள வேதனை.

குடகில் கைல்போதும் இங்கே ஆயுத பூஜையும்

ஆயுதத்தைப் பராமரிப்பதை ஒரு நாள் கணக்காக வைத்துக்கொண்டவர்கள் குடகு மக்கள். நடவு முடிந்த பிறகு, செப்டம்பர் 3-ஆம் தேதியை ஒட்டி வரும் கைல்போது பண்டிகையில், துப்பாக்கிகளைச் சுத்தம் செய்து, பூச்சூட்டி வழிபடுவார்கள். அவர்கள் சூட்டும் பூ 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ. வேறொன்றுமில்லை, நம் மாநில மலரான செங்காந்தள்தான். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தலில் ஏற்றிச் சாகுபடி செய்யும் அதே கொடி. குடகு மக்களுக்கு ஆயுத உரிமம் எடுப்பதிலிருந்து மத்திய அரசு அளித்துள்ள விலக்கு 2029 அக்டோபர் வரை நீள்கிறது. அந்த விலக்கு நமக்குக் கிடையாது. ஆனால் அவர்களுடைய பழக்கம் நமக்கும் உதவும்.

ஆயுத பூஜைக்கு ஏரையும் கலப்பையையும் கழுவிப் பொட்டு வைக்கும் குடும்பங்கள், அன்றைக்குத் துப்பாக்கியையும் சோதித்துக் கழுவி எண்ணெய் பூசும் நாளாக வைத்துக்கொள்ளலாம். ஆனி மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஆயுத பூஜையில் ஒரு முறை என்று வைத்தால் மறக்காது. ஒன்று மட்டும் கவனம். ஈரச் சந்தனமும் குங்குமமும் எலுமிச்சைச் சாறும் இரும்பில் ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். பூஜை முடிந்த மறுநாள் துடைத்துவிட வேண்டும்.

தேர்தலும் துப்பாக்கியும்

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன. கிட்டத்தட்ட மூன்று மாதம். அந்த நாட்களில் யாரும் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கப் போவதில்லை. அதனால் ஒப்படைப்பதற்கு முதல் நாளே, மருந்து இல்லை என்று சோதித்து, கழுவி உலர்த்தி, பாதுகாப்புப் பூச்சு கொடுத்துவிட வேண்டும். திரும்ப வாங்கியதும் முதல் வேலை மறுபடி அதே கம்பிச் சோதனை. பிறகு பழைய எண்ணெயைத் துடைத்து, குழலின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒப்படைத்த ரசீதை உரிமப் புத்தகத்தோடு வைத்திருப்பது நல்லது.

உரிமம் இருந்தால் சுடலாமா?

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, வனவிலங்கைச் சுடும் அனுமதி வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வேட்டையாடுவது குற்றம். பயிரை மேய்ந்தது என்பதற்காக மயிலையோ மானையோ பன்றியையோ விவசாயி தானாகச் சுட முடியாது. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறையிலும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் செய்வது வனத்துறையினர், விவசாயி அல்ல. மனு கொடுப்பதும் சேதத்தைப் பதிவு செய்வதும்தான் விவசாயியின் வேலை.

ஆனைமலைப் பகுதிக்கு இன்னொரு விதியும் உண்டு. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் தேவை. புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடிக்கடி எழும் கேள்விகள்

*அப்பாரு காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார். என்ன செய்வது?*

உரிமதாரர் இறந்ததும் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி செல்லாது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வைத்திருக்க விரும்பும் வாரிசு, 2016 ஆயுத விதிகளின்படி தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கவும் வழி உண்டு.

*உரிமத்தை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்?*

2019 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டுகள். உரிமத்தில் உள்ள தேதியைப் பார்த்து, முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

*கருமருந்து கிடைக்கவில்லை. தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தைப் போடலாமா?*

கூடவே கூடாது. தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அது உண்டாக்கும் அழுத்தத்தை நாட்டுத் துப்பாக்கியின் குழல் தாங்காது; கையிலேயே வெடிக்கும். வீட்டில் மருந்து கலப்பதும் குற்றம், உயிருக்கும் உலை. உரிமத்தில் குறித்துள்ள அளவை, உரிமம் பெற்ற கடையில் மட்டுமே வாங்க வேண்டும்.

*குழலுக்குள் துரு ஏற்கெனவே பிடித்துவிட்டது. தேய்த்து எடுத்துப் பயன்படுத்தலாமா?*

மேலோட்டமான செம்பொடி என்றால் எண்ணெய்த் துணியில் வந்துவிடும். துணி ஓரிடத்தில் சொரசொரவென்று மாட்டினால் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தத் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கக் கூடாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது வெறும் இரும்புதான்.

*எங்கே வைப்பது நல்லது?*

சமையலறைச் சுவர், உரம் வைக்கும் அறை, ஈரம் ஏறும் மண்சுவர் ஆகியவை கூடாது. காற்றோட்டமான இடத்தில், பூட்டிய பெட்டியில், மருந்தில்லாமல் இருக்க வேண்டும். மருந்தும் கேப்பும் வேறு வேறு இடத்தில், பூட்டோடு, குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். துணி உறையிலோ தோல் உறையிலோ மூடி வைத்தால் உறை இழுக்கும் ஈரமே துருவாகும்.

பன்றித் தொல்லைக்கு இன்று வேலியும் வனத்துறையும்தான் வழி. பல வீடுகளில் துப்பாக்கி அப்பாரு, ஐயன் நினைவாகவே மிஞ்சியிருக்கிறது. நினைவாக வைத்திருந்தாலும் அது துப்பாக்கிதான். பயன்படுத்தாத துப்பாக்கிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை கம்பிச் சோதனையும், ஒரு குடம் நல்ல தண்ணீரும், ஒரு கரண்டி விளக்கெண்ணெயும் வேண்டும். அந்த அளவுக்குக்கூட நேரம் ஒதுக்க முடியாதவர்கள், ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிடுவதே வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை.